ஃபேட் மேன் யார்? முதல் அணுகுண்டுகளுக்குப் பெயர் வந்த கதை

ஹிரோஷிமாவில் விழுந்த குண்டின் பெயர் 'லிட்டில் பாய்'. நாகசாகியில் விழுந்தது 'ஃபேட் மேன்'. சின்னப் பையன், பருத்த மனிதன். ஊரையே அழிக்கப்போகும் ஆயுதத்துக்கு இப்படிச் செல்லப்பெயர் வைத்தது யார் என்று தேடிப்போனால் இரண்டு கதைகள் அகப்படும். முதல் கதையில் ஃபேட் மேன் என்பவர் பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில். திட்டமிட்டுப் பாதியில் கைவிட்ட இன்னொரு குண்டு இருந்தது, 'தின் மேன்'. அந்த ஒல்லி மனிதர் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட். இரண்டாவது கதையில் இந்த இருவருமே டஷீல் ஹாமெட்டின் துப்பறியும் நாவல்களிலிருந்து வந்தவர்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டு கதைகளையும் சொன்னவர்கள் குண்டு செய்யும் வேலையில் நேரடியாக இருந்த இயற்பியலாளர்கள். யாரோ பிற்காலத்தில் கட்டிவிட்டது என்று எதையும் ஒதுக்கிவிட முடியாது.

நாவல் கதையைச் சொன்னவர் ராபர்ட் செர்பர், குண்டு செய்த ஆய்வகத்தின் தலைவர் ஓப்பன்ஹைமருக்கு மிகவும் வேண்டியவர். 1943 ஏப்ரலில் நியூ மெக்சிகோ மலைமேட்டில் லாஸ் அலமோஸ் ஆய்வகம் தொடங்கியபோது, புதிதாக வந்து இறங்கிய விஞ்ஞானிகளுக்கு 'நாம் இங்கே செய்யப்போவது என்ன' என்று ஐந்து உரைகளில் விளக்கியவர் இவர்தான். கட்டடத்தில் அப்போது வேலையே முடியவில்லை. தச்சர்களும் எலெக்ட்ரீஷியன்களும் சுற்றிலும் நடமாடிக்கொண்டிருந்தார்கள். செர்பர் பாட்டுக்கு 'பாம்ப்', 'பாம்ப்' என்று பேசிக்கொண்டே போக, சில நிமிடங்களில் ஓப்பன்ஹைமர் ஜான் மேன்லி என்ற சகாவை அனுப்பி அவர் காதில் சொல்லவைத்தார்: அந்த வார்த்தை வேண்டாம், 'கேட்ஜெட்' என்று சொல்லுங்கள். அன்றிலிருந்து லாஸ் அலமோஸில் அணுகுண்டு கேட்ஜெட் ஆகிவிட்டது. ஓர் உரையின் நடுவே, மேலே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் கால் மெல்லிய கூரைப்பலகையைப் பொத்துக்கொண்டு கீழே இறங்கியதாம். ரகசியத்தைக் கட்டிக்காத்த இடத்தின் லட்சணம் அது.

அப்போது கையில் இருந்த யோசனைகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, பீரங்கிக் குழாய்க்குள் அணுப்பிளவுப் பொருளின் (யுரேனியம் அல்லது புளூட்டோனியம்) ஒரு துண்டை இன்னொரு துண்டின்மீது சுட்டு இரண்டையும் சேர்ப்பது. இன்னொன்று, புளூட்டோனிய உருண்டையைச் சுற்றி வெடிமருந்தை அடுக்கி, எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நொடியில் உள்நோக்கி நசுக்குவது. முதல் யோசனையைப் புளூட்டோனியத்துக்குச் செயல்படுத்த வேண்டுமானால் குழாய் மிக நீளமாக இருக்க வேண்டும். குண்டின் நீளம் 17 அடி வந்தது. இரண்டாவது யோசனை சுமார் 5 அடி விட்டத்தில் தொப்பையும் தொந்தியுமான ஒரு முட்டை. இந்த உருவங்களைப் பார்த்துத் தானே பெயர் வைத்ததாகச் செர்பர் பல பத்தாண்டுகள் கழித்து எழுதினார். நீளமானது 'தின் மேன்'. ஹாமெட்டின் 1934-ஆம் ஆண்டு நாவலின் தலைப்பு அது. அதே ஆண்டு படமாகி, தொடர் படங்களும் வந்து அமெரிக்கா முழுக்கப் பிரபலமாகியிருந்தது. உருண்டையானது 'ஃபேட் மேன்'. ஹாமெட்டின் இன்னொரு நாவலை வைத்து 1941-ல் வந்த 'தி மால்டீஸ் ஃபால்கன்' படத்தில் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட் நடித்த காஸ்பர் கட்மன் என்ற கனத்த வில்லன்தான் இந்தப் பருத்த மனிதர்.

இங்கே ஒரு சின்னத் தகவல். 'தின் மேன்' நாவலில் அந்த ஒல்லி மனிதர் துப்பறிபவரே இல்லை. காணாமல் போய்விடும் ஒரு கண்டுபிடிப்பாளர் அவர். படங்கள் வரிசையாக வெற்றி பெற்ற பிறகு ஜனங்கள் அந்தப் பட்டத்தைத் துப்பறியும் கதாநாயகனுக்கே கொடுத்துவிட்டார்கள். காணாமல் போகும் கண்டுபிடிப்பாளரின் பெயரைத் தாங்கிய குண்டும் கடைசியில் காணாமல்தான் போனது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சர்ச்சில்-ரூஸ்வெல்ட் கதையைச் சொன்னவர் நார்மன் ராம்சே, 1989-ல் இயற்பியல் நோபல் பெற்றவர். குண்டை விமானத்திலிருந்து எப்படிப் போடுவது என்று பார்க்கும் குழுவை லாஸ் அலமோஸில் அவர் கவனித்துக்கொண்டார். போர் முடிந்த கையோடு 1945-லேயே அந்தப் பிரிவின் வரலாற்றையும் எழுதிவைத்தார். அதில் அவர் சொல்வது இது: குண்டைச் சுமக்க பி-29 விமானத்தை மாற்றியமைக்க வேண்டியிருந்ததால் விமானப்படை அதிகாரிகள் தொலைபேசியில் அடிக்கடி பேச வேண்டியதாயிற்று. யாராவது ஒட்டுக்கேட்டால், ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் பயணம் செய்வதற்காக ஒரு விமானத்தைத் தயார்செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான் ஒல்லி மனிதர், பருத்த மனிதர் என்ற பெயர்கள்.

இரண்டில் எது உண்மை? ராம்சே சம்பவங்கள் நடந்த சூட்டோடு எழுதியவர், செர்பர் வயதான காலத்தில் நினைவிலிருந்து எழுதியவர். இந்தக் கணக்குப்படி ராம்சேவைத்தான் நம்ப வேண்டும். ஆனால் செர்பர் 'நான் வைத்தேன்' என்கிறார். ராம்சே சொல்வது, அந்தப் பெயர்களை விமானப்படைக்காரர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதை. என் பார்வையில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவில்லை. ஆய்வகத்தில் யாரோ விளையாட்டாக வைத்த பெயர் ராணுவத்தின் கைக்குப் போகிறது. அவர்களுக்கு அந்தப் பெயருக்கு நம்பும்படியான ஒரு சாக்கு தேவைப்படுகிறது. கூட்டணித் தலைவர்களில் ஒருவர் மெலிந்தவர், இன்னொருவர் பருத்தவர். இதைவிட வசதியான சாக்கு கிடைக்குமா?

இந்தத் திட்டத்தின் பெயர்களை வரிசையாகப் பார்த்தால் இதே இழுபறி எல்லா இடத்திலும் தெரிகிறது. ராணுவத்துக்கு வேண்டியது யாரும் திரும்பிப் பார்க்காத சப்பென்ற பெயர். விஞ்ஞானிகளுக்கு வேண்டியது தங்களுக்குள் சிரித்துக்கொள்ளவோ ரசிக்கவோ ஒரு பெயர்.

ராணுவப் பக்கத்துக்கு நல்ல உதாரணம், அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்கே பெயரான 'மன்ஹாட்டன்'. 1942-ல் திட்டத்துக்கு முதலில் முன்வைத்த பெயர் 'மாற்றுப் பொருள்கள் மேம்பாட்டு ஆய்வகம்'. அது என்ன மாற்றுப் பொருள் என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்று, பின்னர் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய ராணுவ அதிகாரி லெஸ்லி குரோவ்ஸ் தடுத்துவிட்டார். அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு தன் மாவட்டங்களுக்கு அவை இருக்கும் ஊரின் பெயரையே வைப்பது வழக்கம். தலைமை அலுவலகம் நியூயார்க் பிராட்வேயில் இருந்ததால், 1942 ஆகஸ்டில் 'மன்ஹாட்டன் பொறியாளர் மாவட்டம்' பிறந்தது. மற்ற மாவட்டங்களைப்போல இதற்கு எல்லையே கிடையாது என்பது யார் கண்ணிலும் படவில்லை. பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே போய் 'டியூப் அலாய்ஸ்' என்று வைத்தது. குழாய்க்கான உலோகக் கலவைகள். காதில் விழுந்தால் கொட்டாவி வரும். சங்கேதப் பெயருக்கு வேறென்ன வேண்டும்?

அதற்கு முன்னால் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் வைத்த பெயரோ நேர் எதிர். 1940-ல் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்ததும், கோபன்ஹேகனில் இருந்த இயற்பியலாளர் நீல்ஸ் போரின் நலனைச் சொல்லும் தந்தி ஒன்று இங்கிலாந்து வந்தது. 'காக்கிராஃப்டுக்கும் மாட் ரே கென்ட்டுக்கும் தெரிவிக்கவும்' என்று அது முடிந்திருந்தது. காக்கிராஃப்ட் தெரிந்த இயற்பியலாளர்; மாட் ரே கென்ட் யாரென்று யாருக்கும் புரியவில்லை. எழுத்துகளைக் கலைத்துப்போட்டு, 'ரேடியத்தை எடுத்துக்கொண்டார்கள்' என்ற ஆங்கிலச் சொற்கள் அதில் ஒளிந்திருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். அணுகுண்டு சாத்தியமா என்று ஆராய்ந்த குழுவுக்கு அந்த நினைவில் 'மாட் குழு' என்றே பெயர் வைத்தார்கள். 1943-ல் நீல்ஸ் போர் தப்பித்து இங்கிலாந்து வந்து சேர்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது: மாட் ரே என்பவர் அவர் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண்மணி, கென்ட் அவர் வசித்த ஊர்ப்பக்கம்.

பொருள்களுக்கு வைத்த பெயர்களிலும் கோமாளித்தனத்துக்குக் குறைவில்லை. வேதியியலாளர் க்ளென் சீபோர்க்கின் குழு புளூட்டோனியத்தைத் 'தாமிரம்' என்று அழைத்தது. அப்புறம் ஆய்வுக்கு நிஜத் தாமிரமே தேவைப்பட்டபோது குழப்பம் வந்தது. அதைக் 'கடவுள் சத்தியமாகத் தாமிரம்' என்று சொல்ல வேண்டியதாயிற்று. லாஸ் அலமோஸில் புளூட்டோனியத்துக்குப் பெயர் '49'. தனிம எண் 94-ன் கடைசி இலக்கம், நிறை எண் 239-ன் கடைசி இலக்கம். இதே கணக்கில் யுரேனியம் 235 என்பது '25'. கொஞ்சம் வேதியியல் தெரிந்த உளவாளிக்கு ஐந்து நிமிட வேலை.

ஆட்களுக்கும் மாற்றுப் பெயர் உண்டு. நீல்ஸ் போர் 'நிகோலஸ் பேக்கர்' ஆனார், என்ரிகோ ஃபெர்மி 'ஹென்றி ஃபார்மர்' ஆனார். முதலெழுத்தை மாற்றாமல் விட்டதே போதுமான அளவு காட்டிக்கொடுத்திருக்கும்.

இந்தக் கண்ணால் பார்த்தால் தின் மேனும் ஃபேட் மேனும் சங்கேதப் பெயர் என்ற தகுதிக்கே லாயக்கில்லை. நல்ல சங்கேதப் பெயருக்கும் பொருளுக்கும் எந்த ஒட்டும் உறவும் இருக்கக் கூடாது. இவையோ குண்டின் வடிவத்தை அப்படியே சொல்கின்றன. ஒன்று நீளம், ஒன்று உருண்டை. அந்த நீளமும் உருண்டையும்தான் இரண்டு குண்டுகளின் வேலை செய்யும் விதத்தையே பிரிக்கின்றன. பட்டறையில் வேலை செய்பவர்கள் இயந்திரங்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதுபோல வைத்த பெயர்கள் இவை. தின் மேனின் சிறிய மாதிரியை 1943 ஆகஸ்டில் வர்ஜீனியாவின் டால்கிரெனில் விமானத்திலிருந்து போட்டுப் பார்த்தார்கள். 14 அங்குலக் குழாய் ஒன்றைச் சாதாரணக் குண்டின் இரண்டு பாதிகளுக்கு நடுவே ஒட்டவைத்த அந்த விசித்திரத்துக்கு 'சாக்கடைக் குழாய்க் குண்டு' என்று பெயர். அது நேராக விழாமல் பம்பரமாய்ச் சுழன்று விழுந்தது.

சரி, லிட்டில் பாய் எப்படி வந்தான்? தின் மேன் செத்ததால். 1944 வசந்தத்தில் ஓக் ரிட்ஜ் அணு உலையிலிருந்து வந்த முதல் புளூட்டோனிய மாதிரிகளை இயற்பியலாளர் எமிலியோ செக்ரே சோதித்தார். உலையில் தயாராகும் புளூட்டோனியத்தில் புளூட்டோனியம் 240 என்ற ஐசோடோப் (அதே தனிமத்தின் நிறை மாறிய வகை) கலந்துவிடுகிறது, அது தானாகவே பிளந்து நியூட்ரான்களை உமிழ்கிறது என்று தெரிந்தது. பீரங்கிக் குழாயில் இரண்டு துண்டுகளும் சேர்வதற்கு முன்பே வினை தொடங்கி, குண்டு முழுசாக வெடிக்காமல் சிதறிப்போகும். ஜூலையில் தின் மேனைக் கைவிட்டார்கள். ஆனால் யுரேனியம் 235-க்கு இந்தத் தொல்லை கிடையாது. விநாடிக்கு 3,000 அடி வேகத்தில் சுட வேண்டியதில்லை, 1,000 அடி போதும். குழாயைக் கட்டையாக்கலாம். 17 அடிக் குண்டு 10 அடியாகச் சுருங்கியது. ஒல்லி மனிதனின் குட்டை வடிவம், ஆகவே சின்னப் பையன். இந்தப் பெயர் கடைசியாக வந்தது, தான் வைத்ததல்ல, தின் மேனோடு ஒப்பிட்டு வந்தது என்றே செர்பரும் சொல்கிறார். மால்டீஸ் ஃபால்கன் படத்தில் வரும் இளம் அடியாளோடு இதை முடிச்சுப்போடுபவர்கள் உண்டு; அதற்குக் குழாயின் நீளக் கணக்கைவிட நல்ல ஆதாரம் எதையும் அவர்கள் காட்டுவதில்லை. 'சின்ன'ப் பையனின் எடை சுமார் 4,400 கிலோ.

ஹிரோஷிமாவுக்கு முன்பே இந்தப் பெயர் ஒரு குழப்பத்தையும் உண்டாக்கியது. 1945 ஜூலை 16-ல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் புளூட்டோனியக் குண்டைச் சோதித்தார்கள். போர்த்துறை அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சன் அப்போது ஜெர்மனியில் பாட்ஸ்டாம் மாநாட்டில் இருந்தார். வாஷிங்டனிலிருந்து அவரது உதவியாளர் ஜார்ஜ் ஹாரிசன் மருத்துவ பாஷையில் தந்தி அடித்தார்: இன்று காலை அறுவைச் சிகிச்சை நடந்தது, நோய் இன்னதென்று முழுதாகத் தெரியவில்லை, ஆனால் திருப்தியாக இருக்கிறது. அடுத்த தந்தி இன்னும் ஒரு படி மேலே போனது. டாக்டர் உற்சாகமாகத் திரும்பியிருக்கிறார், சின்னப் பையன் அவன் அண்ணனைப்போலவே திடகாத்திரமாக இருக்கிறான் என்கிறார், அவன் கண்ணின் ஒளி இங்கிருந்து ஹைஹோல்டு வரை தெரிந்தது, அவன் அலறல் என் பண்ணை வரை கேட்டிருக்கும். டாக்டர் என்றால் குரோவ்ஸ். ஹைஹோல்டு, லாங் ஐலண்டில் ஸ்டிம்சனின் வீடு. ஒளி தெரிந்த தூரமும் சத்தம் கேட்ட தூரமும் இப்படித் தெரிவிக்கப்பட்டன. இங்கே சின்னப் பையன் என்பது சோதித்த புளூட்டோனியக் குண்டு, அண்ணன் யுரேனியக் குண்டு. அதாவது ஆய்வகத்துப் பெயர் வழக்கத்துக்குத் தலைகீழ்! தந்தியைப் படித்த அலுவலர்கள், 77 வயது ஸ்டிம்சனுக்குக் குழந்தை பிறந்துவிட்டதோ என்று திகைத்ததாக ஒரு கதையும் உண்டு.

அந்தச் சோதனையின் பெயர் 'டிரினிட்டி', கிறிஸ்தவர்களின் திரித்துவம். 1962-ல் குரோவ்ஸ் ஓப்பன்ஹைமருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்: அமெரிக்க மேற்கில் எத்தனையோ ஆறுகளுக்கும் மலைகளுக்கும் டிரினிட்டி என்று பெயர் இருக்கிறதே, யார் கவனத்தையும் ஈர்க்காது என்பதற்காகவா அதைத் தேர்ந்தெடுத்தீர்கள்? ராணுவக்காரர் கேட்கக்கூடிய கேள்வி. நான்தான் சொன்னேன், ஆனால் காரணம் அதுவல்ல என்று ஓப்பன்ஹைமர் பதில் எழுதினார். ஜான் டன் என்ற பழைய ஆங்கிலக் கவிஞரின் மரணத்தைப் பற்றிய வரிகள் மனத்தில் ஓடியதாகச் சொல்லி, ஆனால் அவற்றில் திரித்துவம் வரவில்லையே என்று தானே மடக்கிக்கொண்டு, அதே கவிஞரின் 'மூவொரு கடவுளே, என் நெஞ்சைத் தாக்கு' என்ற பாட்டைக் காட்டினார். அதற்குமேல் தனக்கே தெளிவில்லை என்றார்.

விமானப்படையும் தன் பங்குக்குப் பெயர்களைச் சேர்த்தது. குண்டைச் சுமக்க மாற்றிய பி-29 விமானங்களுக்குச் 'சில்வர்பிளேட்'. அந்தச் சொல்லை உச்சரித்தால் எந்தத் தளத்திலும் கேட்டது கிடைக்கும். ஃபேட் மேனின் உருவத்தில் சாதாரண வெடிமருந்தை நிரப்பிய பயிற்சிக் குண்டுகளுக்கு 'பம்ப்கின்', பூசணிக்காய். அப்படி 49 பூசணிக்காய்கள் ஜப்பான்மீது விழுந்தன. அவற்றிலும் ஆட்கள் செத்தார்கள். நாகசாகிக் குண்டின் மூக்கில் 'தரைப்படை, கடற்படை, சிவிலியன் எல்லாரும் கூடிச் செய்த சொதப்பல்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளை, நாகரிகமாகச் சொன்னால் அப்படித்தான், யாரோ அச்சடித்திருந்தார்கள்.

இத்தனைக்கும் 1943 ஆகஸ்டில் சர்ச்சில் இந்த விஷயத்தில் ஒரு குறிப்பே அனுப்பியிருந்தார். நிறையப் பேர் உயிரை விடப்போகும் நடவடிக்கைகளுக்குப் பெருமையடிக்கும் பெயரும் வேண்டாம், அற்பமான பெயரும் வேண்டாம். உன் மகன் 'பன்னிஹக்' என்ற நடவடிக்கையில் செத்தான் என்று ஒரு தாயிடம் போய்ச் சொல்ல முடியுமா என்று கேட்டார். பன்னிஹக் என்பது ஒரு நடனம். தன் நாட்டு வீரர்களையும் அவர்கள் வீட்டாரையும் மனத்தில் வைத்துத்தான் அவர் எழுதினார். எதிரி நாட்டுத் தாய்மார்கள் அந்தக் குறிப்பில் வரவில்லை. ராம்சே சொன்னது சரியென்றால், நாகசாகியில் விழுந்த குண்டுக்குச் சர்ச்சிலின் உருவமே பெயராகிவிட்டது.

செர்பரும் நாகசாகிக்குப் போயிருக்க வேண்டியவர்தான். ஆகஸ்ட் 9 அன்று, குண்டு வெடிப்பதைப் படமெடுக்க அதிவேகக் கேமராவோடு உடன் பறக்கவிருந்தார். பாராசூட்டை மறந்துவிட்டு ஏறியதால் ஓடுபாதையிலேயே அவரை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கேமராவை இயக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சேதத்தை அளக்கும் குழுவோடு செப்டம்பரில் அவர் இரண்டு நகரங்களின் இடிபாடுகளுக்கும் போனார். குண்டுகளின் உருவம் எப்படியிருந்தது என்பதைப் பொதுமக்களுக்குக் காட்டும் படங்களை அமெரிக்க அரசு 1960-ல்தான் வெளியிட்டது. பெயரில் ஏற்கெனவே இருந்த ரகசியம் அது.

மாஸ்கோவுக்கு அந்தப் படம் தேவைப்படவில்லை. லாஸ் அலமோஸுக்குள்ளேயே இருந்த இயற்பியலாளரும் சோவியத் உளவாளியுமான கிளாஸ் ஃபூக்ஸ் ஃபேட் மேனின் அமைப்பை 1945-லேயே கொடுத்துவிட்டார். சோவியத் உளவுத்துறை மன்ஹாட்டன் திட்டத்துக்கு வைத்திருந்த பெயர் 'எனோர்மோஸ்', பிரம்மாண்டம். 1949 ஆகஸ்ட் 29-ல் வெடித்த முதல் சோவியத் குண்டு கிட்டத்தட்ட ஃபேட் மேனின் நகல். அதன் பெயர் 'ஆர்.டி.எஸ்-1'. 'ஸ்டாலினின் ஜெட் எஞ்சின்' என்று சிலர் விரித்தார்கள், 'ரஷ்யா தானே செய்கிறது' என்று வேறு சிலர். அமெரிக்கர்கள் ஸ்டாலினின் பெயரைச் சுருக்கி 'ஜோ-1' என்றார்கள்.

பின்னால் வந்தவர்களில் சீனர்கள் பெயரையே கோபமாக்கினார்கள். சோவியத் ஒன்றியம் உதவியை நிறுத்தியது 1959 ஜூனில். அந்த ஆண்டையும் மாதத்தையும் சேர்த்துத் திட்டத்துக்கு '596'. 1964 அக்டோபர் 16-ல் சோதித்த உருண்டைக்கு 'மிஸ் சியூ' என்று ஒரு பெண் பெயர். அதை ஏற்றிவைத்த கோபுரம் 'அலங்கார மேசை', வெடிப்பைத் தூண்டும் கம்பிகளை இணைப்பது 'பின்னல் போடுவது'. 1960-ல் சஹாராவில் வெடித்த பிரெஞ்சுக் குண்டு 'நீல ஜெர்போவா', ஒரு பாலைவன எலி. அடுத்த இரண்டும் வெள்ளை, சிவப்பு; தேசியக் கொடியின் நிறங்கள்.

நம் நாட்டுக் கதையில் கொஞ்சம் கூட்டல் கழித்தல் தேவை. 1974 மே 18-ல் பொக்ரானில் நடந்த சோதனைக்கு 'சிரிக்கும் புத்தர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 'புத்தர் சிரித்துவிட்டார்' என்ற சேதி டெல்லிக்குப் போனதாகச் சொல்வார்கள். அன்று புத்த பூர்ணிமா என்பதால் அந்தப் பெயர் என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் அந்த ஆண்டு புத்த பூர்ணிமா மே 6-லேயே வந்துபோய்விட்டது. மே 18 அமாவாசைக்கு நெருக்கமான நாள். பௌர்ணமியில் நடந்தது 1998 மே 11 சோதனை. இரண்டும் காலப்போக்கில் கலந்துவிட்டன.

அந்த 1998 சோதனைக்கு 'சக்தி'. குழிகளுக்கு 'வெள்ளை மாளிகை', 'தாஜ் மஹால்', 'கும்பகர்ணன்'. ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம் 'மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்', சென்னையில் பிறந்த அணு விஞ்ஞானி ஆர். சிதம்பரம் 'மேஜர் ஜெனரல் நடராஜ்'. இருவரும் ராணுவ உடையில்தான் பொக்ரானில் நடமாடினார்கள். அங்கே அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் கண்ணில் மண்ணைத் தூவியது இந்தப் பெயர்கள் மட்டுமல்ல. ராணுவப் பொறியாளர்கள் பெரும்பாலும் இரவில் தோண்டினார்கள், விடிவதற்குள் ஒவ்வொரு வண்டியையும் முந்தைய நாள் நின்ற அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.